மின்வெட்டும் எஸ்எஸ்டியில் இயங்கும் தரவுத்தளமும்: முதல் செலவு எதற்கு?

ஒரு சிறு நிறுவனத்தின் தரவுத்தள சர்வரை மின்வெட்டிலிருந்து காப்பாற்ற என்ன வாங்க வேண்டும் என்று டர்பனில் யாரிடம் கேட்டாலும், பெரும்பாலும் யூபிஎஸ் என்ற பதிலே வரும். பதில் தவறில்லை, அதை முதல் இடத்தில் வைப்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. கையில் இருக்கும் பணம் ஒரே ஒரு பொருளுக்குத்தான் போதும் என்றால், அது மின்தேக்கிப் பாதுகாப்புள்ள எஸ்எஸ்டியாக, அதாவது மின்சாரம் அறுந்தாலும் ஒரு கணம் தாங்கும் மின்தேக்கிகள் (கெப்பாசிட்டர்கள்) பொருத்திய சேமிப்பு டிரைவாக, இருக்க வேண்டும். யூபிஎஸ், அமைப்பு மாற்றங்கள், நகல் சர்வர் எல்லாம் அதற்குப் பின்னால் வரட்டும் என்பது என் கணிப்பு. அந்த வரிசைக்கான காரணங்களை ஒவ்வொரு வழியாக எடுத்துப் பார்க்கலாம்.

தென்னாப்பிரிக்காவில் இருப்பவர்களுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 2007ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தொடங்கிய லோட் ஷெட்டிங் (பற்றாக்குறையால் முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு), 2019 டிசம்பரில் முதன்முறையாக ஆறாம் கட்டத்தைத் தொட்டது. 2023இல் உச்சத்துக்குப் போனது. ஒவ்வொரு கட்டமும் ஏறத்தாழ 1,000 மெகாவாட் சுமையை மின்கட்டமைப்பிலிருந்து கழற்றிவிடுவதைக் குறிக்கும். ஆறாம் கட்டத்தில் டர்பனின் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ இருக்கும் ஒரு கடை, ஒரே நாளில் சில முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம் அல்லது அதற்கு மேல், இருட்டில் உட்கார வேண்டியிருக்கும். 2024 மார்ச் 26 முதல் பத்து மாதங்கள் நிம்மதியாகக் கழிந்தன. 2025 ஜனவரி 31 அன்று அது மறுபடி தலைகாட்டியது. லோட் ஷெட்டிங் இல்லாத நாட்களிலும் கேபிள் திருட்டு, துணை மின்நிலையக் கோளாறு, 2022 ஏப்ரலில் வந்தது போன்ற வெள்ளம் என்று மின்சாரம் போவதற்குக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. அட்டவணைப்படி வரும் வெட்டுக்கு முன்கூட்டியே சர்வரை முறையாக அணைத்துவிடலாம். அட்டவணையில் இல்லாத மின்தடைதான் தரவுத்தளத்துக்கு எமன். அதைவிடக் கெட்டது, மின்சாரம் திரும்பும் நேரத்தில் இரண்டு மூன்று முறை வந்து வந்து போவது: தானாக எழுந்து மீட்பு வேலையில் இறங்கிய சர்வர், அந்த வேலையின் நடுவிலேயே மறுபடி விழுகிறது.

சேதம் எங்கே நேர்கிறது என்று தெரியாமல் வழிகளை ஒப்பிட முடியாது. போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் போன்ற தரவுத்தளங்கள் ஒவ்வொரு பரிவர்த்தனையையும் முதலில் ஒரு பதிவேட்டில் எழுதி, எஃப்சிங்க் என்ற அழைப்பின் மூலம், அது அழியாத இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதா என்று இயங்குதளத்தைக் கேட்கின்றன. இயங்குதளம் அதையே டிரைவிடம் கேட்கிறது. டிரைவ் ஆம் என்று சொன்ன பிறகே, விற்பனை பதிவாகிவிட்டது என்ற செய்தி கல்லாவில் இருப்பவரின் திரைக்கு வருகிறது. மின்சாரம் போய்த் திரும்பினால், தரவுத்தளம் அந்தப் பதிவேட்டைக் கடைசிச் சரிபார்ப்புப் புள்ளியிலிருந்து மறுபடி வாசித்து, விட்ட இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இந்த ஏற்பாடு முழுவதும் டிரைவ் சொல்லும் அந்த ஒற்றை ‘ஆம்’ உண்மையாக இருப்பதையே நம்பி நிற்கிறது. பேரேட்டில் ஏற்றாமலேயே ரசீதில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் கணக்குப்பிள்ளையைப் போல, தரவு இன்னும், மின்சாரம் போனால் அழிந்துவிடும் தன் டிராம் (DRAM) நினைவகத்தில் மிதந்துகொண்டிருக்கும்போதே ஆம் என்று சொல்லிவிடும் டிரைவுகள் சந்தையில் இருந்திருக்கின்றன.

பொய் சொல்லாத டிரைவிலும் ஆபத்து தீர்ந்துவிடுவதில்லை. மின்சாரமின்றியும் தரவைக் காக்கும் நேண்ட் (NAND) சில்லுகளில்தான் எஸ்எஸ்டி பக்கம் பக்கமாக எழுதுகிறது. அதற்குள் எந்தத் தரவு எந்த நேண்ட் பக்கத்தில் இருக்கிறது என்பதைக் காட்டும் முகவரி அட்டவணை ஒன்று உண்டு; அதன் புதிய பகுதிகளும் டிராமில்தான் இருக்கும். அது பழுதானால் ஒரு கோப்பு மட்டும் கெடுவதோடு நிற்காது. டிரைவே தன்னை அடையாளம் காட்ட மறுக்கலாம். ஒரு நினைவகச் செல்லில் ஒன்றுக்கு மேற்பட்ட பிட்களை வைக்கும் நேண்டில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஒரே செல் வரிசையைப் பகிரும் இரண்டு பக்கங்களில், கீழ்ப் பக்கம் நேற்றே எழுதி முடிக்கப்பட்டிருக்கலாம்; இன்று மேல் பக்கத்தை எழுதும்போது மின்சாரம் அறுந்தால், நேற்றைய தரவும் சேர்ந்து கெடுகிறது. தரவுத்தளத்தின் பதிவேடு இதற்கு மருந்தாகாது. பாதுகாப்பாக உறங்குகிறது என்று கருதிப் பதிவேடு எப்போதோ கைகழுவிய தரவு அது.

ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகமும் எச்பி ஆய்வகமும் சேர்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வு, 15 எஸ்எஸ்டிகளை எழுதும் வேலைக்கு நடுவே மின்சாரத்தைத் துண்டித்துச் சோதித்தது. 13 டிரைவுகளில் ஏதோ ஒரு வகைப் பழுது தென்பட்டது: பிட்கள் மாறிப்போயின, பாதி எழுதிய தொகுதிகள் கிடந்தன, பின்னால் எழுதியது இருக்க முன்னால் எழுதியது காணாமல் போயிருந்தது, முழு டிரைவே செத்தும் போயிருந்தது. அன்றைய டிரைவுகளை வைத்து இன்றைய டிரைவுகளை எடைபோடக் கூடாது என்பது நியாயம்தான். ஆனால் நேண்டின் இயல்பும் டிராமின் இயல்பும் மாறிவிடவில்லை என்பதையும் மறக்கக் கூடாது.

இனி மின்தேக்கிப் பாதுகாப்பு. தத்துவம் எளிமையானது. டிரைவின் பலகையில் டான்டலம் அல்லது அலுமினிய மின்தேக்கிகளை வரிசையாகப் பொருத்தியிருப்பார்கள். வெளி மின்சாரம் அறுந்ததும் சில பத்து மில்லிசெகண்ட் நேரத்துக்கு அவை டிரைவைத் தாங்கிப் பிடிக்கும். அதற்குள் டிராமில் உள்ள தரவையும் முகவரி அட்டவணையையும் டிரைவின் உள்மென்பொருளான ஃபர்ம்வேர் நேண்டில் இறக்கிவிடும். இந்த ஒரே ஏற்பாடு, மேலே சொன்ன மூன்று சிக்கல்களையும் அவை பிறக்கும் இடத்திலேயே பிடிக்கிறது. யூபிஎஸ் பழுதானாலும், சர்வரின் பவர் சப்ளை எரிந்தாலும், கூட்டிப் பெருக்க வந்தவர் பிளக்கைப் பிடுங்கினாலும் அதற்குக் கவலையில்லை. வேறு எந்த வழிக்கும் இந்தக் குணம் கிடையாது என்பதுதான் அதை முதலிடத்தில் வைக்க எனக்கிருக்கும் முக்கியக் காரணம்.

இரண்டாவது காரணம் வேகம். இதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. பாதுகாப்பில்லாத டிரைவ் ஒவ்வொரு எஃப்சிங்க்குக்கும் நேண்டில் உண்மையாக எழுதி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். அதற்கு ஒரு மில்லிசெகண்டோ, அதன் சில மடங்கோ ஆகும். மின்தேக்கி உள்ள டிரைவுக்கு டிராமுக்கு வந்த தரவே பத்திரமான தரவு என்பதால், சில பத்து மைக்ரோசெகண்டில் ஆம் என்று நேர்மையாகவே சொல்லிவிடலாம். விளம்பர அட்டையில் நொடிக்கு 7,000 மெகாபைட் என்று பளிச்சிடும் விலையுயர்ந்த கேமிங் டிரைவ், அடுத்தடுத்து வரும் சின்னச் சின்னப் பரிவர்த்தனைகளில் சாதாரண சாட்டா (SATA என்ற பழைய, மெதுவான இணைப்பு) வகைச் சர்வர் டிரைவிடம் தோற்பது இதனால்தான். போஸ்ட்கிரெஸுடன் வரும் பிஜி_டெஸ்ட்_எஃப்சிங்க் என்ற சிறு கருவியை இரண்டிலும் ஓடவிட்டுப் பார்த்தால், நொடிக்கு எத்தனை எஃப்சிங்க் என்ற அந்த ஒரு வரியில் வித்தியாசம் முகத்தில் அறையும்.

வாங்கும்போது எச்சரிக்கை தேவை. சாம்சங் பிஎம்893, மைக்ரான் 5400, கிங்ஸ்டன் டிசி600எம், சாலிடைம் டி3-எஸ்4520 ஆகியவை முழுப் பாதுகாப்புள்ள சாட்டா டிரைவுகள். சாம்சங் 870 ஈவோ, 990 புரோ போன்ற நுகர்வோர் டிரைவுகளில் அது இல்லை. இரண்டுக்கும் நடுவே குருஷியல் எம்எக்ஸ்500 போன்ற ஒரு வகை உண்டு: விளம்பரத்தில் மின்னிழப்புப் பாதுகாப்பு என்ற சொல் இருக்கும், ஆனால் அது ஏற்கெனவே எழுதி முடிந்த தரவை மட்டுமே காக்கும், டிராமில் மிதப்பதைக் காக்காது. இந்த அரைப் பாதுகாப்பு நான் மேலே சொன்ன ‘நேற்றைய தரவு கெடும்’ சிக்கலுக்கு மட்டும் பதில் சொல்கிறது. மதர்போர்டிலேயே செருகும் சிறு பலகையான எம்.2 வடிவில் வேண்டுமானால், மின்தேக்கிகளுக்கு இடம் வேண்டியிருப்பதால் பல சர்வர் டிரைவுகள் 110 மில்லிமீட்டர் நீளத்தில் வருகின்றன. சாதாரண மதர்போர்டில் பெரும்பாலும் 80 மில்லிமீட்டருக்குத்தான் திருகு ஓட்டை இருக்கும். அந்த நீளத்துக்குள்ளேயே முழுப் பாதுகாப்போடு வரும் கிங்ஸ்டன் டிசி2000பி போன்றவையும் உண்டு. தேடிப் பார்த்து வாங்க வேண்டும்.

மின்தேக்கி இருப்பதே முழு உத்தரவாதம் ஆகிவிடாது என்பதற்கு இன்டெல் 320 சாட்சி. 2011இல் வந்த அந்த டிரைவில் மின்தேக்கிகள் இருந்தன. இருந்தும், மின்சாரம் திடீரென்று போய்வந்த பிறகு சில டிரைவுகள் தங்கள் கொள்ளளவு வெறும் 8 மெகாபைட் என்று காட்டின. அதே ஆண்டில் இன்டெல் ஃபர்ம்வேர் திருத்தம் வெளியிட்டது. சந்தைக்கு வந்து சில மாதங்களே ஆன மாடலைவிட, ஓரிரு ஃபர்ம்வேர் திருத்தங்களைக் கண்ட மாடலையே நான் தேர்ந்தெடுப்பேன்.

யூபிஎஸ்ஸுக்கு வருவோம். அதன் உண்மையான வேலை சர்வரை நெடுநேரம் ஓடவைப்பதன்று. முறையாக அணைத்துக்கொள்ளச் சில நிமிட அவகாசம் வாங்கித் தருவது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது ஒரு சுழற்சிக்கு 20 மில்லிசெகண்ட். கணினியின் பவர் சப்ளை கனத்த சுமையில் குறைந்தது 16 முதல் 17 மில்லிசெகண்ட் மூச்சுப் பிடிக்க வேண்டும் என்று மட்டுமே வடிவமைப்பு விதி கேட்கிறது. பரவலாக விற்கும் லைன்-இன்டராக்டிவ் யூபிஎஸ் சில மில்லிசெகண்டில் பேட்டரிக்கு மாறிவிடும் என்பதால் சர்வர் அதை உணராது. ஆனால் லோட் ஷெட்டிங் காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கி வைத்த இன்வெர்ட்டர்களில் பல, மாறுவதற்கு 10 முதல் 20 மில்லிசெகண்ட் எடுத்துக்கொள்கின்றன. விளக்குக்கும் தொலைக்காட்சிக்கும் அது பொருட்டே இல்லை. பழைய பவர் சப்ளை கொண்ட சர்வருக்கு அதுவே மின்வெட்டு. இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று நம்பிச் சர்வரை அதில் நேரடியாக மாட்டுவோர், மாறும் நேரத்தை அதன் கையேட்டில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

பேட்டரியின் கதை இன்னும் சோகமானது. யூபிஎஸ்களில் இருக்கும் ஈய-அமில பேட்டரி எப்போதாவது வரும் தடைக்காகச் செய்யப்பட்டது. அன்றாடம் காலியாகி நிரம்புவதற்காகச் செய்யப்பட்டதன்று. ஒரு முறை வற்றினால் மறுபடி நிரம்பப் பல மணி நேரம் ஆகும். ஆறாம் கட்டத்தில் அது நிரம்புவதற்குள் அடுத்த வெட்டு வந்துவிடும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 8 முதல் 10 டிகிரி வெப்பத்துக்கும் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பேட்டரித் தொழிலில் எல்லோரும் கைக்கொள்ளும் கணக்கு. டர்பனின் கோடையில் காற்றோட்டமில்லாத பின்னறையில் வைத்த யூபிஎஸ் எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கும் என்பதை அதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி இந்த இரண்டு குறைகளையும் பெருமளவு போக்குகிறது. ஆரம்ப விலைதான் கூடுதல்.

நான் சர்வர் பார்க்கப் போகும் மசாலா மொத்த வியாபாரக் கடைகளில் ஒரே காட்சிதான் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. மிளகாய்த்தூள் மூட்டைகளுக்குப் பக்கத்தில், தரையோடு தரையாக யூபிஎஸ் இருக்கும். சர்வரோடு ரூட்டரும், அட்டை தேய்க்கும் கருவியின் சார்ஜரும், சில இடங்களில் ரசீது அச்சிடும் பிரிண்டரும் அதிலேயே மாட்டியிருக்கும். யூபிஎஸ்ஸிலிருந்து சர்வருக்குப் போக வேண்டிய யூஎஸ்பி கேபிளோ, வாங்கியபோது சுற்றியிருந்த கம்பிக்கட்டோடு அட்டைப்பெட்டியிலேயே கிடக்கும். அந்தக் கேபிள் இல்லாமல் பேட்டரி தீரப்போகிறது என்ற செய்தி சர்வருக்குப் போகாது. அப்படிப்பட்ட யூபிஎஸ் செய்வதெல்லாம் மின்வெட்டை இருபது நிமிடம் தள்ளிப்போடுவது மட்டுமே. கேபிளை மாட்டி, நட் அல்லது ஏபிசியூபிஎஸ்டி போன்ற இலவச மென்பொருளை நிறுவி, பேட்டரி பாதிக்குக் கீழே இறங்கியதும் முதலில் தரவுத்தளத்தையும் பிறகு இயங்குதளத்தையும் நிறுத்தச் சொல்ல வேண்டும். மின்சாரம் திரும்பியதும் சர்வர் உடனே எழக் கூடாது என்பதையும் கணினியின் தொடக்க அமைப்பான பயாஸில் அமைக்க வேண்டும். யூபிஎஸ்ஸிலேயே குறிப்பிட்ட அளவு நிரம்பிய பிறகுதான் மின்சாரம் விடும் அமைப்பு இருந்தால் இன்னும் நல்லது. வந்து வந்து போகும் மின்சாரத்துக்கு இதைவிட மலிவான மருந்து இல்லை.

இவ்வளவும் சரியாக அமைந்த யூபிஎஸ்கூட, தனக்கும் டிரைவுக்கும் இடையில் இருக்கும் பவர் சப்ளை, மதர்போர்டு, கேபிள் ஆகியவற்றின் பழுதுக்குப் பொறுப்பேற்காது. அதனால்தான் அதை இரண்டாமிடத்தில் வைக்கிறேன். இரண்டாமிடம் என்பதால் வேண்டாம் என்று பொருளில்லை: மின்சாரம் திரும்பும்போது வரும் மிகையழுத்தத்திலிருந்து பவர் சப்ளையைக் காப்பதும் அதுதான், அந்த வேலையை எந்த எஸ்எஸ்டியும் செய்யாது.

எழுத வேண்டியதை டிராமில் சேர்த்துவைக்கும் டிரைவின் எழுது கேஷை அணைத்துவிடுவது மூன்றாவது வழி. செலவே இல்லாதது. லினக்ஸில் ஒரே கட்டளையில் முடியும். ஆனால் எழுதும் வேகம் பல மடங்கு சரியும், எழுத வேண்டிய சிறு துண்டுகளை ஒன்றுசேர்த்து எழுத முடியாமல் நேண்டின் தேய்மானமும் கூடும், சில டிரைவுகள் அந்தக் கட்டளையை ஏற்றுக்கொண்டதாகக் காட்டிவிட்டுத் தம் போக்கிலேயே போகும். முகவரி அட்டவணையும் இதனால் பாதுகாப்பாகிவிடாது. வேறு கதியே இல்லாதபோது மட்டும் கைக்கொள்ள வேண்டிய வழி இது.

பல டிரைவுகளை ஒன்றாக இயக்கும் ரெய்டு அட்டை, பேட்டரியோ சூப்பர் மின்தேக்கியோ உள்ளதாக, சுழலும் டிஸ்க் காலத்தில் அரசனாக இருந்தது. அது தன்னுடைய கேஷை மட்டுமே காக்கும். அதன் கீழே மாட்டிய நுகர்வோர் எஸ்எஸ்டிகளின் டிராமை அது தொடவே தொடாது. இரண்டு டிரைவுகளைக் கண்ணாடிப் பிரதிகளாக வைப்பதும் இந்த விஷயத்தில் அதிகம் உதவாது; இரண்டும் ஒரே நொடியில் மின்சாரத்தை இழக்கின்றன, ஒரே மாடலாக இருந்தால் ஒரே ஃபர்ம்வேர்க் குறையும் இரண்டிலும் இருக்கும். டிரைவ் தானாகச் செத்தால் தரவைக் காப்பதற்குத்தான் ரெய்டு. புதிதாக வாங்குபவர் அந்த அட்டைக்கான பணத்தை நல்ல டிரைவில் போடுவதே சரி.

தரவுத்தள அமைப்புகளில் எது தொடக்கூடியது, எது தொடக்கூடாதது என்பதில் குழப்பம் மிகுதி. போஸ்ட்கிரெஸில் எஃப்சிங்க் அமைப்பை அணைத்தால் வேகம் கூடும் என்ற அறிவுரை இன்னும் உலவுகிறது. அதை அணைத்த சர்வரில் மின்சாரம் போனால் முழுத் தரவுத்தளமும் மீட்க முடியாதபடி சிதையலாம். இழந்தால் இழக்கட்டும் என்ற சோதனைச் சர்வர் தவிர வேறெங்கும் அது கூடாது. முழுப் பக்கத்தைப் பதிவேட்டில் எழுதும் அமைப்பும், மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபியில் ஒவ்வொரு பக்கத்தையும் இருமுறை எழுதும் அமைப்பும் அப்படியே, அணைக்கக் கூடாதவை: போஸ்ட்கிரெஸின் பக்கம் 8 கிலோபைட், இன்னோடிபியின் பக்கம் 16 கிலோபைட், பாதி எழுதிய பக்கத்தைச் சரிசெய்ய இவை இல்லாமல் வழியில்லை. இதற்கு மாறாக, ஒவ்வொரு கமிட்டும் (பரிவர்த்தனை முடிந்ததென்ற உறுதி) பதிவேடு டிரைவில் இறங்கும்வரை காத்திருக்கச் செய்யும் போஸ்ட்கிரெஸின் சிங்க்ரனஸ் கமிட்டை அணைப்பது கண்ணியமான பேரம். இயல்பான அமைப்பில் கடைசி 0.6 நொடிக்குள் முடிந்த சில பரிவர்த்தனைகள் போகலாம், ஆனால் மற்றவை சிதையாது. இன்னோடிபியில் பதிவேட்டை ஒவ்வொரு கமிட்டிலும் இறக்காமல் நொடிக்கு ஒருமுறை இறக்கச் சொல்வதும் ஏறத்தாழ அதே பேரம்தான். வருகைப் பதிவுக்கும் தேடல் பதிவுக்கும் அதை ஏற்கலாம். பணம் கைமாறும் இடத்தில் நான் ஏற்க மாட்டேன். இந்தப் பேரங்கள் எல்லாம் டிரைவ் உண்மை பேசும்வரைதான் செல்லும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பக்கங்களுக்கான செக்சம், அதாவது உள்ளடக்கத்தைச் சரிபார்க்கும் எண், வேறு வகை. அது சேதத்தைத் தடுக்காது. சேதம் நேர்ந்ததைச் சொல்லும். இன்னோடிபியில் அது இயல்பாகவே இயங்குகிறது. போஸ்ட்கிரெஸின் 18ஆம் பதிப்பிலிருந்து புதிய தரவுத்தளங்களில் தானாகவே இயக்கப்படுகிறது. பழைய பதிப்பில் இருப்பவர்கள் தாமே இயக்கிக்கொள்ள வேண்டும். அது இல்லாத சர்வரில், கெட்டுப்போன பக்கத்தையே நல்லதென்று எண்ணி இரவுதோறும் காப்புப்பிரதி எடுத்துக்கொண்டிருப்பார்கள். நல்ல பக்கம் இருந்த பழைய பிரதி அதற்குள் அழிக்கப்பட்டிருக்கும்.

முதன்மைச் சர்வரின் பதிவேட்டைத் தொடர்ந்து வாங்கித் தன்னிடமும் எழுதிக்கொள்ளும் நகல் சர்வர் என்ற வழியில்தான் நம் ஊருக்கே உரிய ஒரு வசதி இருக்கிறது. ஒரே கட்டடத்தில் ஒரே மின்னிணைப்பில் இருக்கும் இரண்டு சர்வர்கள் ஒன்றாகவே விழும் என்பதால் அது வீண். ஆனால் லோட் ஷெட்டிங் நகரத்தைத் தொகுதிகளாகப் பிரித்து மாற்றி மாற்றி வருவது. கடை ஒரு தொகுதியிலும் உரிமையாளரின் வீடு வேறொரு தொகுதியிலும் இருந்தால், வீட்டில் வைத்த சிறு கணினிகூட நல்ல நகல் சர்வர் ஆகிவிடும். இரண்டும் ஒரே நேரத்தில் அட்டவணைப்படி அணைவது குறைவு; உயர்ந்த கட்டங்களில்தான் சில வேளை ஒன்றாக அணையலாம். முதன்மை டிரைவில் நேண்ட் மட்டத்தில் கெடும் பக்கம் பதிவேடு வழியே நகலுக்குப் பெரும்பாலும் போவதில்லை என்பது இதன் கூடுதல் பலன். நகலை ஒத்திசைவாக வைப்பதா, சற்றுப் பின்தங்க விடுவதா என்ற கேள்வியில் சிறு நிறுவனங்களுக்கு இரண்டாவதே பொருந்தும். ஒத்திசைவு முறையில் ஒரே ஒரு நகல் மட்டும் இருந்து, ஃபைபர் பெட்டி அணைந்து இணைப்பு அறுந்தால், முதன்மைச் சர்வரின் கமிட்கள் அந்த நகலுக்காகக் காத்துக் கிடக்கும். கல்லாவில் வரிசை நீளும்.

கிளவுடுக்கே போய்விடலாமே என்பது நியாயமான கேள்வி. மைக்ரோசாஃப்ட் 2019 மார்ச்சிலும், அமேசான் 2020 ஏப்ரலிலும், கூகுள் 2024 ஜனவரியிலும் இந்நாட்டிலேயே தரவு மையப் பகுதிகளைத் திறந்துவிட்டன. அவற்றில் சில இருக்கும் ஜொகன்னஸ்பர்க்கிற்கு டர்பனிலிருந்து சாலைவழி 570 கிலோமீட்டர். ஃபைபரில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் போவதாக வைத்தால், போய்வர மட்டும் 5 முதல் 6 மில்லிசெகண்ட். கடை மென்பொருள் ஒரு ரசீதுக்கு ஐம்பது வினவல்களை அடுத்தடுத்து அனுப்பும் பழைய ரகமாக இருந்தால் அது உறுத்தும். நன்றாக எழுதிய மென்பொருளுக்கு ஒரு பொருட்டில்லை. இணைப்பு இல்லாத இரண்டு மணி நேரத்தில் விற்பனை நடக்க வேண்டுமா என்பதே இங்கு முடிவைத் தீர்மானிக்கும்.

இடத்துக்கு இடம் முடிவு எப்படி மாறும் என்று பார்ப்போம். நாள் முழுவதும் விற்பனை ஓடும் மொத்தக் கடைக்கு, முழுப் பாதுகாப்புள்ள 480 கிகாபைட் சாட்டா டிரைவ் ஒன்றும், கேபிளோடு மாட்டிய சிறு யூபிஎஸ் ஒன்றும், வேறு தொகுதியில் ஒரு நகலும் போதும், வரிசையும் அதேதான். அத்தகைய கடைகளின் தரவுத்தளம் பெரும்பாலும் இருபது முப்பது கிகாபைட்டைத் தாண்டாது என்பதால், பெரிய டிரைவுக்காகப் பாதுகாப்பை விட்டுக்கொடுக்கத் தேவையே இல்லை. மருத்துவரின் கிளினிக் என்றால் தயக்கத்துக்கே இடமில்லை: 2021 ஜூலை 1 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போபியாவின் 19ஆம் பிரிவு, தகவல் இழப்பையும் சேதத்தையும் தடுக்க நியாயமான தொழில்நுட்ப ஏற்பாடு செய்யும் கடமையைத் தகவலை வைத்திருப்பவர் மீதே சுமத்துகிறது. ஒவ்வாமைக் குறிப்பு ஒன்று சத்தமில்லாமல் அழிந்துபோன கோப்புக்கு என்ன விலை போடுவது? கோயில் சங்கத்தின் நன்கொடைப் பதிவேடு மறுகோடியில் இருக்கிறது. தைப்பூசக் காவடி நாட்களில் ரசீதுகள் குவிந்தாலும் நிமிடத்துக்குச் சில பதிவுகள்தான். கணினியும் யாரோ அன்பளிப்பாகத் தந்த பழைய மேசைக் கணினியாக இருக்கும். அங்கே எழுது கேஷை அணைத்து, செக்சத்தை இயக்கி, மணிக்கொருமுறை வேறிடத்துக்கு நகலெடுத்தால், நுகர்வோர் டிரைவைக் கொண்டே காலம் தள்ளலாம். அந்த ஓரிடத்தில் மட்டும் என் வரிசையை நானே மாற்றிக்கொள்வேன்.

எதை வாங்கினாலும் சோதித்த பிறகே தரவை ஏற்ற வேண்டும். லினக்ஸில் ஸ்மார்ட்சிடிஎல் கருவி காட்டும் பட்டியலில், பல சாட்டா டிரைவுகளில் 174ஆம் எண்ணிலும், வேகமான புதிய இணைப்பு முறையான என்விஎம்இ (NVMe) டிரைவுகளில் ‘அன்சேஃப் ஷட்டவுன்ஸ்’ என்ற வரியிலும், எதிர்பாராமல் மின்சாரம் போன தடவைகளின் எண்ணிக்கை இருக்கும். ஒரு லோட் ஷெட்டிங்குக்கு முன்னும் பின்னும் அந்த எண்ணைப் பாருங்கள். அது ஏறியிருந்தால், சர்வரை முறையாக அணைத்துவிட்டதாக யூபிஎஸ் மென்பொருள் சொன்னது நடக்கவில்லை என்று பொருள். டிரைவையே சோதிக்க டிஸ்க்செக்கர் என்ற பழைய பெர்ல் நிரல் போதும்: சோதிக்கும் கணினி டிரைவில் எழுதிக்கொண்டே, எழுதி முடிந்ததாக டிரைவ் உறுதி சொன்ன ஒவ்வொன்றையும் வலைவழியாக இன்னொரு கணினிக்கு அறிவிக்கும். நடுவில் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மறுபடி இயக்கி இரு பக்கக் கணக்கையும் ஒப்பிட்டால், டிரைவ் ஆம் என்று சொன்னவற்றில் எத்தனை உண்மையில் இருக்கின்றன என்பது தெரிந்துவிடும். ஒரு முறை தேறியதும் நிறுத்திவிடாமல், வெவ்வேறு எழுதும் சுமையில் பத்துப் பன்னிரண்டு முறையாவது பிடுங்கிப் பார்க்க வேண்டும். கடைக்காரர் பொருளைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் காலம் முடிவதற்குள் அதைச் செய்துவிட வேண்டும்.